வீட்டு ஸ்பீக்கரில் எந்த மியூசிக் ஆப் நன்றாகக் கேட்கிறது? நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க முழு வழிகாட்டி

ஸ்பாட்டிஃபையா, ஆப்பிள் மியூசிக்கா, யூடியூப் மியூசிக்கா, ஜியோசாவனா, எதில் சவுண்டு நல்லா இருக்கும்? நல்ல ஆம்ப், ஸ்பீக்கர் வாங்கி ஹாலில் வைத்தவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இதைக் கேட்டுவிடுவார்கள். பதிலுக்கு அடுத்தவர் வாயைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும், கூட உதவிக்கு ஒரு ஆளும் இருந்தால் உங்கள் வீட்டிலேயே, உங்கள் காதாலேயே முடிவு கட்டலாம். ஆனால் சும்மா மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டால் தப்பான பதில்தான் கிடைக்கும், எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

சென்னை மேற்கு மாம்பலத்தில் எங்கள் ஃபிளாட் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு ஸ்டீரியோ ஆம்ப், ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர். முதல் தடவை இரண்டு ஆப்களை ஒப்பிட்டபோது ஒன்று அப்படியே பளிச்சென்று, பாஸ் நிறைந்து, குரல் முன்னால் வந்து நிற்பது போல் கேட்டது. நண்பர்கள் இரண்டு பேரிடம் உறுதியாகச் சொல்லி ஆப்பையே மாற்ற வைத்தேன். சில வாரம் கழித்துத்தான் கவனித்தேன்: ஒன்றில் வால்யூமைச் சமப்படுத்தும் செட்டிங் ஆனில் இருந்தது, மற்றதில் ஆஃப். சத்தம் சுமார் மூன்று டெசிபல் கூடுதலாக வந்ததைத்தான் நான் தரம் என்று நினைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். இந்த வழிகாட்டியை எழுதக் காரணம் அதுதான்.

முதலில் காகிதத்தில் இருக்கும் கணக்கு

சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதியது; இரண்டு சேனலுக்கும் சேர்த்து நொடிக்கு 1,411 கிலோபிட். ஃபிளாக், ஆலாக் மாதிரியான லாஸ்லெஸ் முறைகள் இதை ஜிப் ஃபைல் மாதிரி சுருக்கி, விரிக்கும்போது ஒரு பிட்கூடக் குறையாமல் திருப்பிக் கொடுக்கும். எம்பி3, ஏஏசி, ஆக் வோர்பிஸ் வேறு ரகம். காதுக்கு எட்டாது என்று கணக்குப் போட்டு ஒரு பகுதியைத் தூக்கிப் போட்டுவிடும், போனது போனதுதான்.

ஸ்பாட்டிஃபையின் வழக்கமான உச்சம் ஆக் வோர்பிஸில் 320 கிலோபிட். 2025 செப்டம்பரில் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வரை லாஸ்லெஸ் கொண்டுவந்தார்கள், இந்தியாவில் அது நவம்பரில் பிளாட்டினம் திட்டத்தோடு வந்தது. ஆகவே உங்கள் திட்டம் எது என்று முதலில் பாருங்கள். ஆப்பிள் மியூசிக்கில் 2021 ஜூன் முதல் கூடுதல் கட்டணம் இல்லாமலே லாஸ்லெஸ் உண்டு, 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும்; லாஸ்லெஸ்ஸை ஆஃப் செய்தால் 256 கிலோபிட் ஏஏசி. யூடியூப் மியூசிக் அதிகபட்சம் 256. ஜியோசாவன் ப்ரோவில் 320.

இந்த எண்களைப் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். 320-ஐ விட 256 மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். வெவ்வேறு கோடெக்குகளை (சுருக்கும் முறைகளை) வெறும் எண்ணால் ஒப்பிட முடியாது, 256-ல் ஏஏசி மிக நன்றாகவே வேலை செய்யும்.

பாட்டு எந்த வழியாக ஸ்பீக்கருக்கு வருகிறது?

பெரும்பாலான ஒப்பீடுகள் இங்கேயே கெட்டுப்போகின்றன. லாஸ்லெஸ்ஸுக்குக் காசு கட்டிவிட்டு ப்ளூடூத்தில் ஆம்ப்புக்கு அனுப்பினால், அங்கே இன்னொரு முறை சுருக்கப்படுகிறது. ப்ளூடூத்தின் அடிப்படையான எஸ்பிசி கோடெக் வழக்கமான உயர் அமைப்பிலேயே சுமார் 328 கிலோபிட்தான். எல்டாக் என்ற இன்னொரு ப்ளூடூத் கோடெக் 990 வரை போகும், ஆனால் ஐபோனில் அது கிடையாது, ஆண்ட்ராய்டிலும் சிக்னல் கொஞ்சம் தடுமாறினால் 660-க்கோ 330-க்கோ இறங்கலாம். அதனால் ஒப்பிடும் நாளில் ப்ளூடூத் வேண்டாம்.

ஒரு ஆப்பை காஸ்ட் செய்து, இன்னொன்றை ஏர்ப்ளேயில் போட்டு, மூன்றாவதை டிவியில் ஓட்டி ஒப்பிடுவதும் அதே தப்பு. அங்கே ஒப்பிடப்படுவது ஆப் இல்லை, வழி. எல்லா ஆப்பும் ஒரே கருவியில் இருக்க வேண்டும், ஒரே வயரில் போக வேண்டும். நான் பரிந்துரைப்பது இதுதான்: ஒரே போன், யுஎஸ்பி வழியாக ஒரு டாக் (டிஜிட்டல் எண்களை ஆம்ப்புக்குப் புரியும் மின் அலையாக மாற்றும் கருவி), அங்கிருந்து ஆம்ப்பின் ஆக்ஸ் இன்புட். டாக் என்றதும் பெரிய செலவு என்று பயப்படாதீர்கள். ஆப்பிள் விற்கும் சின்ன யுஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டருக்குள் இருப்பதும் டாக்தான், 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் வரை கொடுக்கும், இந்தச் சோதனைக்குத் தாராளமாகப் போதும். அங்கிருந்து ஆம்ப்புக்குப் போக ஒரு பக்கம் 3.5 மில்லிமீட்டர் முள்ளும் மறுபக்கம் இரண்டு ஆர்சிஏ முள்ளும் உள்ள கேபிள் வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். முள் இறுக்கமாக உட்காருகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். தங்க முலாம், ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று அட்டையில் போட்டிருப்பதற்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

விண்டோஸ் லேப்டாப் வழியாக என்றால், சவுண்டு செட்டிங்கில் எந்த சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை தடவை அளப்பது என்ற அந்தக் கிலோஹெர்ட்ஸ் எண்) வைத்திருக்கிறீர்களோ அதற்கே எல்லாப் பாட்டையும் விண்டோஸ் மாற்றி அனுப்பும். மேக்கிலும் ஆடியோ மிடி செட்டப்பில் நாம்தான் கையால் மாற்ற வேண்டும். பெரிய கெடுதல் இல்லை, ஆனால் எல்லா ஆப்புக்கும் ஒரே அமைப்பு இருக்கட்டும். லேப்டாப் சார்ஜரைக் குத்தியதும் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள்.

செட்டிங்

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு ஆப்பிலும் வைஃபை ஸ்ட்ரீமிங் தரத்தை 'ஆட்டோ'வில் இருந்து எடுத்து உச்சத்தில் வையுங்கள். ஈக்வலைசர் ஆஃப், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேட் ஆஃப். போனின் சொந்த சவுண்டு செட்டிங்கிலும் டால்பி, 'சூப்பர் பாஸ்' என்று எதையாவது ஆன் செய்து வைத்திருப்பார்கள், அதையும் தேடி நிறுத்துங்கள். ஆப்பிள் மியூசிக்கில் டால்பி அட்மாஸைக் கட்டாயம் ஆஃப் செய்ய வேண்டும். அட்மாஸ் என்பது அதே பாட்டின் தனி மிக்ஸ், அதைப் போட்டு மற்ற ஆப்பின் ஸ்டீரியோவோடு ஒப்பிட்டால் இரண்டு வேறு சமையலை ருசி பார்த்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது, என்னை ஏமாற்றிய அந்த செட்டிங். ஸ்பாட்டிஃபையில் 'நார்மலைஸ் வால்யூம்', ஆப்பிளில் 'சவுண்ட் செக்' என்று இருக்கும். இரண்டையும் ஆனில் வைத்தால் சமமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை குறிவைக்கும் அளவு மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தைச் சொல்லும் அலகு), ஆப்பிள் மைனஸ் 16. இரண்டு டெசிபல் வித்தியாசம் அங்கேயே வந்துவிடுகிறது. எல்லாவற்றிலும் ஆஃப் செய்துவிட்டு, சத்தத்தை நாமே சமப்படுத்துவதுதான் வழி, அது கீழே வருகிறது.

ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்கள் 'டைரக்ட்' அல்லது 'ப்யூர் டைரக்ட்' மோடில் போடுங்கள். இல்லையென்றால் ஒரு ஆப்பை ஸ்டீரியோவிலும் இன்னொன்றை ஐந்து ஸ்பீக்கரிலும் அது பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஒரே பாட்டுதானா?

பேர் ஒன்றுதான், பாடகர் ஒன்றுதான், ஆனால் பதிவு வேறாக இருக்கலாம். தமிழ்ப் பாட்டு கேட்பவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பெரிய தலைவலி. எண்பதுகளின் ஒரு சினிமாப் பாட்டைத் தேடினால் படத்தின் ஆல்பத்தில் ஒன்று, இசையமைப்பாளரின் 'ஹிட்ஸ்' தொகுப்பில் ஒன்று, பாடகரின் 'சோகப் பாடல்கள்' தொகுப்பில் ஒன்று, 'ரீமாஸ்டர்டு' என்று ஒன்று என்று வரிசையாக வந்து நிற்கும். ஒன்று மூல டேப்பில் இருந்து எடுத்ததாக இருக்கலாம், இன்னொன்று எல்பி ரெக்கார்டில் இருந்து, மூன்றாவது எப்போதோ எம்பி3 ஆக்கியதை மறுபடி ஏற்றியதாகக்கூட இருக்கலாம். எம்பி3-யில் இருந்து லாஸ்லெஸ் செய்தால் லாஸ்லெஸ் என்ற சீட்டு மட்டும்தான் கிடைக்கும், தொலைந்த ஒலி திரும்பாது.

எனவே ஒப்பிடும் முன் ஆல்பத்தின் பெயர், அட்டைப் படம், வெளியிட்ட நிறுவனம், வருடம், பாட்டின் நீளம் எல்லாம் ஒத்துப்போகிறதா பாருங்கள். நீளம் நாலைந்து நொடி வேறுபட்டாலே சந்தேகப்படுங்கள், டேப்பின் வேகமே மாறியிருக்கலாம், சுருதியும் கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கும். பழைய பாட்டுகளைப் பொறுத்தவரை, கோடெக்கால் வரும் வித்தியாசத்தைவிட நல்ல மாஸ்டரை (வெளியீட்டுக்காகத் தயாரித்த மூலப் பிரதியை) கண்டுபிடிப்பதால் வரும் வித்தியாசம் பல மடங்கு பெரியது என்பது என் உறுதியான எண்ணம்.

அறையைத் தயார் செய்வது

நம்ம ஊர் ஹால் எப்படி இருக்கும்? டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர், மேலே ஃபேன், ஒரு பக்கம் கண்ணாடி ஷோகேஸ். கை தட்டிப் பாருங்கள், 'டிங்' என்று ஒரு உலோகச் சத்தம் திரும்பி வரும். அந்த எதிரொலிதான் லாஸ்லெஸ்ஸில் கேட்க வேண்டிய நுணுக்கங்களை முதலில் தின்றுவிடுகிறது. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் ஒரு தடித்த ஜமுக்காளம் விரியுங்கள், ஜன்னல் திரையை இழுத்து விடுங்கள், பின்சுவரில் ஒரு மெத்தையைச் சாய்த்து வைத்தாலும் நல்லது. மறுபடி தட்டினால் வித்தியாசம் அப்போதே தெரியும்.

பாஸ் விஷயத்தில் அறையின் அளவே விளையாடும். பன்னிரண்டு அடி நீளம் என்றால் சுமார் 47 ஹெர்ட்ஸிலும், பத்து அடி அகலத்துக்குச் சுமார் 56 ஹெர்ட்ஸிலும் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் அலை ஒரே இடத்தில் நின்று அதிரும். ஓர் இடத்தில் பாஸ் முழங்கும், சில அடி தள்ளி உட்கார்ந்தால் காணாமல் போகும். அதனால் நாற்காலியின் கால்களுக்கு அடியில் சாக்பீஸால் குறி போட்டுவிடுங்கள், சோதனை முடியும் வரை அது நகரக் கூடாது.

ஃபேனும் ஏசியும் கட்டாயம் நிறுத்த வேண்டும். மே மாதத்தில் இது சித்திரவதை என்று தெரியும், முடிந்தால் மார்கழியில் செய்யுங்கள். எங்கள் தெருவில் காலையில் தண்ணி லாரி, இடையிடையே மின்சார ரயிலின் ஹாரன் என்று போய்க்கொண்டே இருக்கும், இரவு பதினொரு மணிக்கு மேல்தான் அமைதி. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தாரையும் மனதில் வைத்து, சாதாரணமாகப் பேசும் சத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் போதும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் ஸ்பீக்கர் வயரின் செம்பு பச்சை பூத்துவிடும். ஆம்ப்பை ஆஃப் செய்துவிட்டு வயரைக் கழற்றி, கறுத்த நுனியை வெட்டி, புதிதாக உரித்து மாட்டுங்கள். பழைய ஸ்பீக்கர் என்றால் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தையும் விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், நம்ம ஈரப்பதத்தில் அது பொடிந்து உதிர்ந்துவிடும். அப்படி உதிர்ந்த ஸ்பீக்கரில் எந்த ஆப்பையும் ஒப்பிட்டுப் பயனில்லை, முதலில் வளையத்தை மாற்றுங்கள்.

எந்தப் பாட்டில் கேட்பது?

ஐந்து போதும், எல்லாம் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்ததாக இருக்க வேண்டும். சுருக்கும் முறைகளுக்கு எது கஷ்டம் என்று தெரிந்து தேர்ந்தெடுங்கள். திடீரென்று வெட்டி வரும் ஒலிகள் கஷ்டம், கைதட்டல் கஷ்டம், கணீரென்று உயரத்தில் சிதறும் உலோக ஒலிகள் கஷ்டம். நம்மிடம் இதற்கெல்லாம் பஞ்சமே இல்லை. பஜனையில் வரும் ஜால்ரா, நடனப் பதிவில் வரும் சலங்கை, தனி ஆவர்த்தனத்தில் கடம், அது முடிந்ததும் சபாவில் எழும் கைதட்டல், எல்லாமே அருமையான சோதனைக் களம்.

எங்கே காதை வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். கடத்தில் விரல் விழும் அந்த முதல் கணத்தைக் கவனியுங்கள். நல்ல தரத்தில் 'டக்' என்று கூராக விழும். மோசமாகச் சுருக்கியதில் அடிக்கு ஒரு நொடித்துளி முன்னாலேயே மெல்லிய மணல் சிந்துவது போல ஒரு 'ஸ்ஸ்' வரும், அடியின் முனை மழுங்கியிருக்கும். ஜால்ராவில் தட்டிய பிறகு தேய்கிற ஒலியைப் பின்தொடருங்கள். ஒரே கோடாகத் தேய வேண்டும்; தண்ணீருக்கு அடியில் கேட்பது போல சலசலத்தால் அது கோடெக்கின் கைவரிசை. தம்பூராவும் தனிக் குரலும் உள்ள ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தம்பூரா அதே நிறத்தோடு நிற்கிறதா பாருங்கள். அப்புறம் பேஸ் கிட்டாரும் வயலின் கூட்டமும் சேர்ந்து வரும் ஒரு எண்பதுகளின் பாட்டு, ஆழமான எலக்ட்ரானிக் பாஸ் உள்ள ஒரு புதுப் பாட்டு. இந்தக் கடைசி ரகத்தில் பெரும்பாலும் எந்த வித்தியாசமும் தெரியாது, ஆனால் நீங்கள் தினமும் கேட்பது அதுதான் என்றால் அதையும் சோதிக்கத்தான் வேண்டும்.

சத்தத்தைச் சமப்படுத்துவது

இதைத் தவறவிட்டால் மேலே செய்ததெல்லாம் வீண். ஒரு டெசிபலுக்கும் குறைவான வித்தியாசம் இருந்தால் காது அதைச் சத்தம் என்று உணராது, தெளிவு, ஆழம், உயிர்ப்பு என்றுதான் உணரும்.

நீங்கள் உட்காரும் இடத்தில், காது இருக்கும் உயரத்தில், இன்னொரு போனை ஸ்டாண்டில் வைத்து ஒரு டெசிபல் மீட்டர் ஆப்பைத் திறங்கள். சரியான அளவு காட்டுகிறதா என்று கவலை வேண்டாம், இரண்டு அளவுகளுக்கு இடையிலான வித்தியாசம்தான் நமக்கு வேண்டும். பாட்டின் ஒரே முப்பது நொடிப் பகுதியை ஒவ்வொரு ஆப்பிலும் போட்டு சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள், உச்ச அளவைப் பார்க்காதீர்கள். அரை டெசிபலுக்குள் வரும் வரை ஆம்ப்பின் வால்யூமை மாற்றி, எந்த ஆப்புக்கு எந்த எண் என்று எழுதிவையுங்கள். ஆம்ப்பில் எண் காட்டும் திரை இல்லாமல் வெறும் குமிழ்தான் என்றால், குமிழைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த பாட்டுக்குப் போனால் மறுபடி அளக்க வேண்டும், சலித்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணைக் கட்டிக் கேட்பது

எந்த ஆப் ஓடுகிறது என்று தெரிந்திருக்கும் வரை உங்கள் காதை நீங்கள் நம்ப முடியாது. அதற்குத்தான் உதவிக்கு ஆள். எனக்கு உட்கார்ந்தது அக்கா பையன். அவன் ஆம்ப் பக்கத்தில், நான் கண்ணை மூடி நாற்காலியில். முதலில் எது ஏ, எது பி என்று சொல்லி இரண்டையும் வேண்டிய மட்டும் கேட்டுக்கொண்டேன். அப்புறம் அவன் காசைச் சுண்டி, பூ விழுந்தால் ஏ, தலை விழுந்தால் பி என்று போட்டு, என்ன போட்டான் என்று நோட்டில் எழுதிக்கொண்டான். நான் சொன்னதைத் தனியாக எழுதினேன். மொத்தம் பதினாறு முறை.

"மாமா, இப்ப சொல்லு. ஏ-வா, பி-யா?"

"இரு, அந்த ஜால்ரா வர்ற இடத்தை இன்னொரு தடவை போடு."

"எத்தனை தடவை போட்டாலும் ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது."

ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நொடி போதும், பாட்டின் அதே வரியில் தொடங்குங்கள். ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிதான் நிற்கும், எனவே ஆப்பை மாற்றும் இடைவெளி குறைவாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் நடந்த மாதிரி இல்லாமல், உதவுபவர் எதுவும் பேசக் கூடாது, போனைத் தட்டும் சத்தம்கூட குறிப்புக் கொடுத்துவிடும். எட்டு முறை முடிந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், சோர்ந்த காது எதையும் சொல்லாது.

இப்போது கணக்கு. பதினாறில் எட்டு சரி என்றால் காசு சுண்டுவதும் நீங்கள் கேட்பதும் ஒன்று. பன்னிரண்டோ அதற்கு மேலோ சரி என்றால், அது குருட்டு அதிர்ஷ்டத்தில் வர நூற்றுக்கு நான்கு வாய்ப்புக்கும் குறைவு, அதாவது நிஜமாகவே ஏதோ கேட்கிறது. ஒன்பது, பத்து வந்தால் இன்னொரு நாள் புதிதாகப் பதினாறு செய்யுங்கள். பிடித்த விடை வரும் வரை தொடர்ந்து செய்துகொண்டே போவது கூடாது.

எனக்கு 128 கிலோபிட்டுக்கும் லாஸ்லெஸ்ஸுக்கும் ஜால்ராவில் பதின்மூன்று சரியாக வந்தது. 320-க்கும் லாஸ்லெஸ்ஸுக்கும் அதே பதிவில் ஒன்பதுதான். சினிமாப் பாட்டில் ஏழு. சத்தம் சமமானதும், முதல் தடவை நான் அவ்வளவு உறுதியாகச் சொன்ன அந்தப் 'பளிச்' எங்கே போனது என்றே தெரியவில்லை. உங்கள் காதும் அறையும் வேறு, உங்களுக்குப் பதினான்குகூட வரலாம்.

முடிவை என்ன செய்வது?

உங்கள் ஐந்து பாட்டிலும் பன்னிரண்டைத் தொடவில்லை என்றால், தரத்துக்காக ஆப்பை மாற்றாதீர்கள். நீங்கள் தேடும் கச்சேரிகளும் பழைய படங்களும் எதில் அதிகம், அதில் நல்ல மாஸ்டர் எதில் இருக்கிறது, ஹாலில் உள்ள கருவியோடு எது தொல்லையில்லாமல் இணைகிறது என்று பாருங்கள். மிச்சமாகும் காசில் ஒரு நல்ல தடித்த திரைச்சீலை வாங்கினால் அந்த வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவீர்கள்.

பன்னிரண்டைத் தாண்டினால் லாஸ்லெஸ்ஸுக்குத் தயங்காமல் போங்கள், டேட்டாவை மட்டும் கவனியுங்கள். ஆப்பிள் சொல்லும் கணக்கில் மூன்று நிமிடப் பாட்டு 256 ஏஏசியில் 6 எம்பி, 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் லாஸ்லெஸ்ஸில் 36, 192 கிலோஹெர்ட்ஸில் 145. வீட்டு வைஃபையில் ஒன்றும் தெரியாது, மொபைல் டேட்டாவுக்கு மட்டும் செட்டிங்கைத் தனியாகக் குறைத்து வையுங்கள். 192-க்கு ஆசைப்பட வேண்டாம் என்பேன். மனிதக் காது எட்டும் உச்சம் சுமார் 20 கிலோஹெர்ட்ஸ், 44.1 சாம்பிள் ரேட்டே 22 வரை கொடுத்துவிடுகிறது.

எல்லாம் முடிந்ததும் ஆஃப் செய்து வைத்த நார்மலைஸ், சவுண்ட் செக் இரண்டையும் மறக்காமல் மறுபடி ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் ராத்திரி மெல்லிசாக ஒரு வீணை முடிந்து அடுத்ததாக ஒரு புதுப் பாட்டு தொடங்கும்போது மாடி வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்துவிடுவார்.